சிறையில் கற்ற பாஷை

'ஜெயில்' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜனங்கள் குலை நடுங்கிய காலம் ஒன்று நம் தேசத்தில் இருந்தது. பிறகு அதே ஜெயில் நம் தலைவர்களுக்கு ஒரு கலாசாலையாக மாறிற்று. லோகமான்ய திலகர் மாந்தலே சிறையில் கீதைக்கு உரை எழுதினார். பண்டித ஜவாஹர்லால் நேரு ஆமத்நகர்க் கோட்டையில் பாரத தேசத்தின் பூர்வ கதையை எழுதினார். இந்தச் சிறைப் படிப்புகளில் ஒன்று தமிழர்களாகிய நமக்குத் தனிப்பட்ட பெருமை தருவது. தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடத்திச் சிறை சென்ற காந்தி மகான் அங்கே தமிழ் படித்தார். கப்பல் பிரயாணங்களிலும் சிறையிலும் கிடைத்த அவகாசத்தில் தாம் கற்ற சொற்பத் தமிழைப் பற்றியும், போப் ஐயரின் தமிழ்க் கைநூலைப் பற்றியும் அவரே தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்தப் போரில் அவருக்குத் தோள் கொடுத்து நின்றவர்களில் தமிழர்கள் மிகுதி. தம்மோடு துன்பப்படுகிறவர்களின் பாஷையைத் தாம் அறிய விரும்பியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அதே தென்னாப்பிரிக்காவில், அரை நூற்றாண்டுக்குப் பின்னர், இன்னொருவர் சிறையில் உட்கார்ந்து ஒரு பாஷையைக் கற்கத் தொடங்கினார். அவர் கற்றது தோழர்களின் பாஷை அன்று. தம்மைச் சிறையில் பூட்டியவர்களின் பாஷை.

நெல்ஸன் மண்டேலாவின் பெயரை அறியாத குடும்பம் நம் நாட்டில் இராது. இருபத்தேழு வருஷம் சிறையில் இருந்தார், வெளியே வந்தார், ஜனாதிபதியானார், பகைவர்களை மன்னித்தார் என்று பள்ளிக்கூடத்துப் பையனும் ஒப்பிப்பான். ஆனால் மன்னிப்பு என்பது மனம் இளகிய ஒரு நாளில் திடீரென்று வந்து சேர்கிற வஸ்து அன்று. மண்டேலாவின் விஷயத்தில் அதற்குப் பின்னால் பல வருஷத்துப் படிப்பு இருந்தது. அந்தப் படிப்பைப் பற்றியே இவ்வாரம் நேயர்களிடம் பேச விரும்புகிறோம்.

வம்புக்காரப் பிள்ளை

1918-ம் வருஷம் ஜூலை மாதம் 18-ந் தேதி, டிரான்ஸ்கை பிரதேசத்தில் முவேஸோ என்னும் சிற்றூரில் மண்டேலா பிறந்தார். தெம்பு அரச வம்சத்தோடு சம்பந்தமுள்ள குடும்பம். வீட்டில் வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. மரக்கிளையைப் பிடித்து இழுப்பவன் என்பது அதன் நேர்ப் பொருள். வம்புக்காரன் என்பது வழக்குப் பொருள். குனு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் காலடி வைத்த முதல் நாளன்று உபாத்தியாயினி அவருக்கு 'நெல்ஸன்' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் பெயர் ஒன்று சூட்டுவது அக்காலத்துப் பள்ளிக்கூட வழக்கம். படிப்பதற்கென்று வாசற்படி ஏறிய அன்றே பிள்ளை தன் பெயரை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியிருந்தது!

சிறு வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட, தெம்பு ராஜப் பிரதிநிதியின் இல்லத்தில் அவர் வளர்ந்தார். போர்ட் ஹேர் கலாசாலையில் படிக்கையில் மாணவர் சபைத் தேர்தல் சம்பந்தமான தகராறில் நிர்வாகிகளுக்குப் பணிய மறுத்துப் படிப்பை விட்டு வெளியேறினார். பெயருக்கு ஏற்ற பிள்ளைதான்! 1941-ல் ஜோகானிஸ்பர்க் நகரம் சேர்ந்து, முதலில் சுரங்கத்தில் காவல்காரராகவும், பின்னர் வக்கீல் காரியாலயத்தில் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றார். 1952-ல் ஆலிவர் டாம்போ என்ற நண்பருடன் சேர்ந்து சொந்தமாக வக்கீல் தொழில் நடத்தத் தொடங்கினார்.

இதற்கிடையில் 1948-ல் தேசியக் கட்சி என்னும் வெள்ளையர் கட்சி அதிகாரத்துக்கு வந்தது. அதுவரையில் வழக்கத்திலும் சில்லறைச் சட்டங்களிலும் இருந்துவந்த நிற வித்தியாசத்தை அது ராஜாங்க சித்தாந்தமாகவே ஆக்கிற்று. ஒவ்வொரு மனிதனும் எந்த இனம் என்று சர்க்கார் தஸ்தாவேஜில் பதிவாக வேண்டும். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை சர்க்கார் தீர்மானிக்கும். 1950-ல் இவ்விரண்டு சட்டங்களும் வந்துவிட்டன. இவற்றை எதிர்த்து 1952 ஜூன் மாதம் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸும் கூடிச் சட்ட மறுப்புத் தொடங்கின. தொண்டர்களுக்கெல்லாம் தலைவராக நின்றவர் மண்டேலா. எட்டாயிரம் பேருக்கு மேல் சிறை புகுந்தார்கள்.

1960 மார்ச் 21-ந் தேதி ஷார்ப்வில் என்ற ஊரில், பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியிருந்த ஜனங்களைப் போலீசார் சுட்டு 69 பேரைக் கொன்றார்கள். காங்கிரஸ் சட்ட விரோதமான ஸ்தாபனம் என்று சர்க்கார் அறிவித்தது. அடுத்த வருஷம் மண்டேலா ஆயுதப் படை ஒன்றைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். மகாத்மாவின் வழியைப் போற்றும் நமக்கு இந்த இடத்தில் சங்கடம் உண்டாகாமலில்லை. ஆனால் மண்டேலா இதை மூடி மறைக்கவில்லை. 1964 ஏப்ரல் 20-ந் தேதி பிரிட்டோரியா நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு, தாம் செய்ததையும் செய்ததற்குக் காரணத்தையும் மணிக்கணக்கில் விளக்கினார். வெள்ளையர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன், எல்லோரும் சமமாக வாழும் ராஜ்யமே என் லக்ஷியம், அவசியமானால் அதற்காக உயிர் விடவும் சித்தமாயிருக்கிறேன் என்று முடித்தார். தூக்குத் தண்டனையை எதிர்பார்த்திருந்தவருக்கும் தோழர்கள் எழுவருக்கும் ஜூன் 12-ந் தேதி ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஒரு பாஷையின் பூர்வோத்தரம்

இனி, நாம் சொல்ல வந்த பாஷையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. தென்னாப்பிரிக்க வெள்ளையர்களில் பெரும்பாலோர் டச்சு வம்சத்தை முதன்மையாகக் கொண்டு, பிரெஞ்சு, ஜெர்மன் இரத்தமும் கலந்து வந்தவர்கள். 'போயர்' என்று நம்மவர்களுக்கு அறிமுகமான ஜாதியார் இவர்களே. அந்தச் சொல்லுக்கு உழவர் என்று பொருள். மூன்று நூற்றாண்டுகளாக ஆப்பிரிக்க மண்ணில் வழங்கி உருமாறிய அவர்களுடைய டச்சு மொழிதான் ஆப்பிரிக்கான்ஸ். நிற ஒதுக்கலுக்கு உலகம் முழுதும் வழங்கும் 'அபார்தைட்' என்ற பெயர் அந்தப் பாஷையின் வார்த்தையே. தனித்திருத்தல் என்பது அதன் அர்த்தம்.

இந்தப் போயர்களும் ஒரு காலத்தில் அடிபட்ட ஜாதியார்தான். 1899 முதல் 1902 வரையில் பிரிட்டிஷாருடன் நடந்த யுத்தத்தில் அவர்களுடைய பண்ணைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. பெண்டு பிள்ளைகளை முகாம்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். நோயாலும் பட்டினியாலும் அங்கே மாண்டவர்கள் 26,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வேறு முகாம்களில் அடைபட்ட கறுப்பர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அவர்களைப் பற்றி வெகுகாலம் வரை பேசுவாரில்லை. யுத்தம் முடிந்ததும் மில்னர் பிரபுவின் நிர்வாகத்தில் போயர் குழந்தைகளின் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் ஆதிக்கம் செலுத்திற்று. தாய்ப் பாஷையை வாயில் வைத்துக்கொண்டு தவித்த அந்தத் தலைமுறையின் பேரப் பிள்ளைகள் பிற்பாடு என்ன செய்தார்கள் என்பதைச் சிறிது நேரத்தில் பார்ப்போம்.

சுண்ணாம்புக் குவாரியில் சர்வகலாசாலை

கேப்டவுன் துறைமுகத்துக்கு எதிரே கடலில் கிடக்கும் ராபன் தீவுக்கு மண்டேலாவைக் கொண்டு போனார்கள். அவருடைய கைதி இலக்கம் 466/64. 1964-ம் வருஷத்து 466-வது கைதி என்று அர்த்தம். மூன்றடி எடுத்து வைத்தால் சுவரில் முட்டும் அறை. ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்; ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறவினரைப் பார்க்க அனுமதி. 1968-ல் தாயார் இறந்தார். 1969-ல் மூத்த மகன் மோட்டார் விபத்தில் மாண்டான். இரண்டு மரணத்துக்கும் போக விடவில்லை.

சிறைக்குள்ளும் அபார்தைட் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மண்டேலாவோடு தீவுக்கு வந்தவர்களில் அஹமது கத்ராடா ஒருவரே இந்தியர். எல்லோரிலும் வயதில் சிறியவர். அவருக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். அவரைவிட மூத்தவர்களான ஆப்பிரிக்கர்களுக்கு அரைக்கால் சட்டை! வெள்ளையன் கண்ணுக்கு ஆப்பிரிக்கன் எந்த வயதிலும் 'பையன்' அல்லவா? சாப்பாட்டிலும் இப்படியே. இந்தியருக்கு ரொட்டியும் சற்று அதிகமாகச் சர்க்கரையும் உண்டு. ஆப்பிரிக்கருக்கு ரொட்டி கிடையாது, மக்காச்சோளம்தான். சட்டைக்காகப் போராடி முதலில் வென்றார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றாக ஆவதற்கு 1979-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பதின்மூன்று வருஷ காலம் சுண்ணாம்புக் குவாரியில் வேலை. வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பறித்தது. கறுப்புக் கண்ணாடி கேட்டார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள உத்தரவாயிற்று. மண்டேலாவின் கண்கள் கடைசி வரையில் பழுதுபட்டே இருந்தன. ஆயினும் அந்தக் குவாரியைத்தான் அவர்கள் சர்வகலாசாலை ஆக்கினார்கள். மண்வெட்டியும் கையுமாக நிற்கும்போதே வால்டர் ஸிஸுலு காங்கிரஸின் சரித்திரத்தைப் போதித்தார். கத்ராடா தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்தைப் பற்றி வகுப்பு நடத்தினார். எழுத்தறியாமல் வந்தவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். உபாத்தியாயத் தொழிலில் வெகுகாலம் உழன்று, கரும்பலகை சரியில்லை, பெஞ்சு போதவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் நம் போன்றவர்கள் அந்தக் குவாரியை அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் சர்வகலாசாலையில் மண்டேலா தமக்கென்று எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்றுதான் ஆப்பிரிக்கான்ஸ். தபால் மூலமாகப் பாடம் வரவழைத்துப் படித்தார். வார்டர்களோடு அவர்கள் பாஷையில் பேசிப் பழகினார். ஆயுதப் படை தொடங்கிய நாட்களிலேயே, டெனிஸ் ரெய்ட்ஸ் என்ற போயர் வீரர் பிரிட்டிஷ் யுத்தத்தைப் பற்றி எழுதிய 'கமாண்டோ' என்னும் நூலை அவர் படித்திருந்தார். இப்போது போயர்களின் சரித்திரத்தையும் கவிதைகளையும் அவர்கள் மொழியிலேயே படிக்கத் தலைப்பட்டார்.

தோழர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் இந்திய வம்சத்தைச் சேர்ந்த மாக் மகராஜ். நம்மை அடிமைப்படுத்துகிறவனின் பாஷையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று அவர் மல்லுக்கு நின்றார். மண்டேலா சொன்ன பதிலை மகராஜ் பிற்காலத்தில் பல முறை நினைவு கூர்ந்திருக்கிறார். நாம் நீண்ட யுத்தத்தில் இறங்கியிருக்கிறோம். எதிரிப் படையை நடத்தும் சேனாபதியின் மனத்தை அறியாமல் அவனை வெல்ல முடியாது. அவனுடைய இலக்கியத்தைப் படி, கவிதையைப் படி, அப்போதுதான் அந்த மனத்துக்குள் நுழைய முடியும் என்பதே அந்தப் பதிலின் சாரம். மகராஜும் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பதிலில் அன்பு என்ற பேச்சே இல்லை. யுத்த தந்திரமாகவே அந்தப் படிப்பு ஆரம்பமாயிற்று. ஆனால் பாஷை என்பது வினோதமான வஸ்து. ஒற்றன்போல் அதற்குள் நுழைகிறவன், உள்ளே இருப்பவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. முகாம்களில் குழந்தைகளைப் பறிகொடுத்த போயர் தாய்மார்களின் கதை அந்த மொழியில் இருந்தது. கப்பலேறித் திரும்பிப் போக வேறு தேசம் இல்லாத ஜனங்களின் பயமும் அதில் இருந்தது. அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டவருக்கு, அவர்களை விரட்டிவிட்டு ராஜ்யம் அமைப்பது நடவாத காரியம் என்பது தெரிந்துபோயிற்று.

பிள்ளைகள் 'மாட்டோம்' என்றார்கள்

மண்டேலா இப்படித் தீவில் ஆப்பிரிக்கான்ஸ் படித்துக்கொண்டிருக்கையில், ஜோகானிஸ்பர்க்கை அடுத்த ஸொவெட்டோவில் அதே பாஷையின் காரணமாக இரத்தம் சிந்திற்று.

கறுப்பர்களின் கல்வியைச் சர்க்கார் பிடிக்குள் கொண்டுவரும் சட்டம் 1953-ல் இயற்றப்பட்டது. அதன் கர்த்தா, பின்னால் பிரதம மந்திரியான டாக்டர் ஹெண்ட்ரிக் வெர்வோர்ட். வெள்ளையர் சமூகத்தில் சில வகைக் கூலி வேலைகளுக்கு மேல் கறுப்பனுக்கு இடமில்லை என்று 1954-ல் செனட் சபையிலேயே அவர் கூசாமல் சொன்னார். கூலிக்கு எவ்வளவு கல்வி வேண்டுமோ அவ்வளவு போதும் என்பது கொள்கை. அதன் உச்சமாக 1974-ல் ஓர் உத்தரவு பிறந்தது. கறுப்பர் பள்ளிக்கூடங்களில் கணக்கும் சமூக பாடமும் ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில்தான் போதிக்கப்பட வேண்டுமாம்! போதிக்க வேண்டிய உபாத்தியாயர்களிலேயே பலருக்கு அந்தப் பாஷை சரிவர வராது. தங்கள் பாட்டனார் காலத்தில் பிரிட்டிஷார் தங்களுக்குச் செய்ததை, அதிகாரம் கைக்கு வந்ததும் போயர்கள் பிறத்தியாருக்குச் செய்தார்கள்.

1976 ஜூன் 16-ந் தேதி காலை, ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளிச் சீருடையோடு தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். போலீசார் சுட்டார்கள். ஹெக்டர் பீட்டர்ஸன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் குண்டுபட்டு வீழ்ந்தான். அவனை இன்னொரு மாணவன் கையில் ஏந்திக்கொண்டு ஓட, சகோதரி பக்கத்தில் கதறிக்கொண்டு வரும் புகைப்படம் உலகம் முழுதும் பரவிற்று. கலகம் நாடெங்கும் மூண்டு, அடங்குவதற்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பாஷை உத்தரவை சர்க்கார் அதே வருஷம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சில மாதங்களில் அந்த இளைஞர்களில் சிலர் ராபன் தீவுக்கே கைதிகளாக வந்து சேர்ந்தார்கள். மேஜர் எதிரில் தொப்பியைக் கழற்று என்றால், எதற்காகக் கழற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைகள்! வார்டர்களோடு பேசிக் காரியம் சாதிக்கும் கிழவர்கள் அவர்கள் கண்ணுக்குச் சாதுக்களாகத் தோன்றினார்கள். எந்த பாஷைக்காகத் தங்கள் தோழர்கள் சுடப்பட்டார்களோ அந்தப் பாஷையையே தலைவர் படிக்கிறார் என்றால் அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மண்டேலா அவர்களுக்கு உபதேசம் செய்யப் புறப்படவில்லை. பெரும்பாலும் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டில் எது சரி? மாட்டோம் என்ற பிள்ளைகளா, படிக்கிறேன் என்ற கிழவரா? இரண்டும் சரி என்றே நாம் சொல்லுவோம். விரும்பி எடுத்துக்கொண்ட பாஷை மனிதனுக்கு இன்னொரு கண். துப்பாக்கி முனையில் திணித்த பாஷை இருக்கிற கண்ணையும் குருடாக்கிவிடும். அந்தப் பிள்ளைகள் 'மாட்டோம்' என்று எழுந்து நின்றிராவிட்டால், கிழவர் கற்ற பாஷையில் அவரோடு பேச ஒரு வெள்ளையனும் வந்திருக்க மாட்டான்.

தேநீரும் ராஜதந்திரமும்

1985 ஜனவரி 31-ந் தேதி ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தா, பலாத்காரத்தைக் கைவிடுவதாக வாக்களித்தால் மண்டேலாவை விடுதலை செய்வதாக அறிவித்தார். மண்டேலாவின் பதிலை அவர் புதல்வி ஸிண்ட்ஸி பிப்ரவரி 10-ந் தேதி ஸொவெட்டோ மைதானத்தில் படித்தார். சுதந்திர மனிதன்தான் பேரம் பேச முடியும், கைதி ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது என்பது பதில். எதிரியின் பாஷையைக் கற்றவர் எதிரிக்கு வளைந்து கொடுத்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷி வேண்டுமோ?

பிறகு சர்க்காரே இறங்கி வந்து இரகசியமாகப் பேசத் தொடங்கிற்று. 1989 ஜூலை 5-ந் தேதி, இன்னும் கைதியாக இருக்கும்போதே, மண்டேலாவைப் போத்தாவின் மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். இத்தனை வருஷம் கழித்துப் போட்ட பூட்ஸின் நாடா சரியாகக் கட்டப்படவில்லை. அதைக் கண்ட உளவு இலாகாத் தலைவர் நீல் பார்னார்ட், வாசலிலேயே மண்டியிட்டு அந்தக் கைதிக்குப் பூட்ஸ் நாடாவைக் கட்டிவிட்டார்! உள்ளே 'முதலை' என்று பெயரெடுத்த போத்தா, எதிர்கொண்டு வந்து கை குலுக்கித் தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மண்டேலா பேச்சை எங்கே தொடங்கினார் தெரியுமா? 1914-ல் போயர்களில் ஒரு சாரார் தங்கள் சர்க்காரை எதிர்த்துச் செய்த கலகத்தைப் பற்றி ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகை ஒன்றில் தாம் படித்த கட்டுரையில் தொடங்கினார். அந்தக் கலகத்துக்கும் எங்கள் கலகத்துக்கும் ஒற்றுமை தெரிகிறதே என்றார். அது சகோதரச் சண்டை, இது புரட்சி என்று போத்தா ஆட்சேபித்தார். அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்கும்படி கேட்டதற்கும் முடியாது என்றே சொன்னார். ஆனால் கலகக்காரனை மனிதனாகப் பாவித்து வாதாடும் நிலைக்குப் போத்தா வந்துவிட்டார் அல்லவா?

1990 பிப்ரவரி 11-ந் தேதி மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். அதற்குப் பின் நான்கு வருஷம் நாடு கத்தி முனையில் நின்றது. 1993 ஏப்ரல் 10-ந் தேதி, இளைஞர்களின் அபிமானத் தலைவரான கிறிஸ் ஹானியை ஒரு வெள்ளையன் சுட்டுக் கொன்றான். அன்றிரவு டெலிவிஷனில் தோன்றிய மண்டேலா, கொன்றவன் வெள்ளையன் என்பதோடு நிறுத்தவில்லை. அவனுடைய மோட்டார் எண்ணைக் குறித்துக் கொடுத்துப் பிடிபடச் செய்தவள் ஒரு போயர் ஸ்திரீ என்பதையும் சொன்னார். நாடு பற்றி எரியாமல் தப்பியதற்கு அந்த வார்த்தை பேருதவி செய்தது.

அதே வருஷத்தில் மாஜி சேனாபதி கான்ஸ்டண்ட் வில்யூன், போயர்களைத் திரட்டித் தேர்தலை ஆயுத பலத்தால் தடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். மண்டேலா அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, தாமே தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஆப்பிரிக்கான்ஸில் பேசினார். யுத்த களத்தில் உங்கள் பட்டாளத்தை எங்களால் வெல்ல முடியாமலிருக்கலாம். ஆனால் எங்கள் தொகைக்கு எதிரே நீங்களும் வெல்ல முடியாது என்று எடுத்துக் காட்டினார். ஒரு கோப்பைத் தேநீரால் உள்நாட்டு யுத்தம் நின்றுவிட்டது என்று சொல்ல நாம் துணியமாட்டோம். வேறு பல காரணங்களும் சேர்ந்தன. ஆயினும் 1994 மார்ச்சில் வில்யூன் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தேர்தலில் நின்றார். அந்த முதியவர், படைக்குத் தலைமை தாங்கப் போகாமல் பார்லிமெண்டில் போய் உட்கார்ந்தார்.

சேனாபதியின் மனத்துக்குள் நுழைய வேண்டும் என்று ராபன் தீவில் மகராஜிடம் சொன்ன வார்த்தை, முப்பது வருஷத்துக்குள் எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது!

ஜனாதிபதி படித்த கவிதை

1994 ஏப்ரல் 27-ந் தேதி எல்லா இனத்தவரும் வோட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்து, மே 10-ந் தேதி மண்டேலா ஜனாதிபதியானார். அம்மாதம் 24-ந் தேதி புதிய பார்லிமெண்டில் அவர் உரை நிகழ்த்தியபோது ஒரு கவிதையைப் படித்தார். ஆப்பிரிக்கக் கவிஞன் எவனுடைய பாட்டும் அல்ல. இன்கிரிட் யோங்கர் என்ற போயர்ப் பெண்மணி ஆப்பிரிக்கான்ஸில் இயற்றியதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. 1960-ல் நியாங்கா என்னுமிடத்தில் பட்டாளத்தார் சுட்டதில் இறந்த கறுப்புக் குழந்தையைப் பற்றிய கவிதை அது. இன்கிரிட்டின் தகப்பனார் ஆளும் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர். புஸ்தகத் தணிக்கைக்கு ஆதரவாக நின்றவர். மகளோ 1965-ல், முப்பத்தோராம் வயதில், கடலில் இறங்கி உயிரை விட்டாள். ஸொவெட்டோ மாணவர்களுக்குத் துப்பாக்கியின் பாஷையாகத் தெரிந்த அதே மொழியில், சுடப்பட்ட கறுப்புக் குழந்தைக்காக ஒரு தாயுள்ளம் அழுதும் இருக்கிறது என்பதைச் சபையறியச் செய்தார் மண்டேலா.

புதிய அரசியல் சட்டம் பதினொரு பாஷைகளை ராஜாங்க பாஷைகளாக ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்கான்ஸும் அவற்றில் ஒன்று. 2023-ல் காது கேளாதாரின் சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. ஆப்பிரிக்கரின் விடுதலைக் கீதத்தையும் வெள்ளையரின் பழைய கீதத்தையும் இணைத்து 1997-ல் அமைத்த தேசிய கீதத்தில் ஐந்து பாஷைகள் ஒலிக்கின்றன.

கொள்வினையும் கொடுப்பினையும்

மண்டேலா மலிவாக மன்னித்துவிட்டார் என்று குறை சொல்லுவோர் அவர் தேசத்தில் இன்றும் உண்டு. அதை அலக்ஷியமாகத் தள்ளிவிட முடியாது. 1913-ம் வருஷத்துச் சட்டத்தால் பறிபோன நிலம் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. 2017-ல் சர்க்கார் எடுத்த கணக்கின்படி, தனி மனிதர்களுக்குச் சொந்தமான விவசாய நிலத்தில் நூற்றுக்கு 72 பங்கு வெள்ளையர் கையில் இருந்தது. மண்டேலாவின் ஆட்சியில் எய்ட்ஸ் நோயைத் தடுக்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பது இன்னொரு குறை. இதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். 2005 ஜனவரியில் தம் மகன் அந்த நோயால் இறந்தபோது அதை ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னார். ஒரே ஒரு தவணை ஆண்டுவிட்டு 1999-ல் பதவியை விட்டு இறங்கி, 2013 டிசம்பர் 5-ந் தேதி தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

பாஷை நிலத்தை மீட்டுத் தராது, பசியைத் தீர்க்காது. ஆனால் நிலத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் ஒருவரை ஒருவர் கொல்லாமல் பேசுவதற்கு ஒரு திண்ணையையாவது போட்டுக் கொடுக்கும். அந்தத் திண்ணையைப் போட்டு வைத்துவிட்டுப் போனார் மண்டேலா. மிச்ச வழக்கைத் தீர்க்க வேண்டியது பின் வந்தவர்களின் கடமை.

கடைசியாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். 1995-ல் மண்டேலா முன்னாள் தலைவர்களின் மனைவிமார்களையெல்லாம் தேநீருக்கு அழைத்தார். டாக்டர் வெர்வோர்டின் விதவை பெட்ஸி அம்மையாருக்கும் அழைப்புப் போயிற்று. அம்மையாருக்கு அப்போது வயது 94. பிரயாணம் செய்யத் தள்ளவில்லை, இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் தேநீர் அருந்தலாம் என்று பதில் வந்தது. அவர் வசித்ததோ ஒரானியா என்னும் ஊர். வெள்ளையரைத் தவிர வேறு யாரும் குடியிருக்கலாகாது என்று போயர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். ஆகஸ்டு 15-ந் தேதி ஜனாதிபதி அங்கே போய் இறங்கினார். தேநீரும் பலகாரமும் ஆயின. பிறகு பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அம்மையார் ஒரு சிறு காகிதத்தை எடுத்துப் படிக்க முயன்றார். போயர்களுக்குத் தனி ராஜ்யம் வேண்டும் என்ற கோரிக்கையை ஆலோசிக்கும்படி மண்டேலாவைக் கேட்டுக்கொள்ளும் காகிதம் அது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை, வார்த்தை தடைப்பட்டது.

பக்கத்தில் நின்ற மண்டேலா குனிந்து காகிதத்தைப் பார்த்தார். எந்தப் பாஷையைக் கறுப்புப் பிள்ளைகளின் தொண்டையில் திணிக்க வெர்வோர்டின் கல்விச் சட்டம் வழி வகுத்ததோ, அந்தப் பாஷையில், விட்டுப் போன வார்த்தைகளை அவருடைய விதவைக்கு மெதுவாக எடுத்துக் கொடுத்தார். தமக்கு உடன்பாடில்லாத கோரிக்கைதான். ஆனாலும் அம்மையார் அதைக் கடைசி வரி வரையில் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.